நாற்பது நிமிடப் பழம்

கட்டைவிரல் நகத்தைச் செருகி, பம்பளிமாஸ் பழச் சுளையின் தோலை அவள் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு நார் இருந்தாலும் மாமனார் தட்டைத் தள்ளிவிடுவார். நகக்கண்ணில் வெடிப்பு. சாறு பட்டு எரியும்போது கையை உதறிவிட்டு மறுபடி உரித்தாள்.

மாமனார் ஓய்வுபெற்ற ஓவர்சியர். ஒரே மாதத்தில் மூன்று முறை தலைசுற்றி விழுந்திருந்தார். காலையில் அவரைக் குளிப்பாட்டி, இரத்த அழுத்தம் பார்க்கச் செவிலியான என்னை வைத்தார்கள். மற்ற நேரமெல்லாம் மருமகள்தான். கணவனுக்கு வெளியூரில் வேலை. மாமனார் எப்போது விழுவாரோ என்று, அவள் குளிக்கும்போதுகூடக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை.

நான் அவரைக் குளிப்பாட்டும்போது அவள் பழம் வாங்கப் போவாள். நாற்பது நிமிடம்.

"தெருமுனைக் கடைக்கு நாப்பது நிமிஷமா? தேர் இழுத்துக்கிட்டா போறே?" என்பார்.

"நல்ல பழமாப் பொறுக்க வேண்டாமா மாமா?"

கடைக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பதாக என்னிடம் மட்டும் சொன்னாள். எந்த பஸ்ஸிலும் ஏறுவதில்லையாம்.

இதயத்துக்கு நல்லது என்று பழக்காரர் சொன்னதிலிருந்து தினமும் இந்தப் பழம். மாமனார் விழ ஆரம்பித்ததும் அப்போதுதான். அவருடைய இரத்த அழுத்த மாத்திரைப் பெட்டியில் இருந்த தாளைப் படித்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தேன். பழம் கெட்டதல்ல. ஆனால் அதிலுள்ள ஒரு பொருள், குடலில் அந்த மாத்திரையைச் சிதைக்கும் வேலையை முடக்கிவிடும். மருந்து அளவுக்கு மீறி இரத்தத்தில் ஏறும், அழுத்தம் விழும். காலையில் பழம், இரவில் மாத்திரை என்று பிரித்தாலும் பயனில்லை. முடக்கம் ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும். மாத்திரையை நிறுத்தாதீர்கள், பழத்தை நிறுத்துங்கள் என்றார் டாக்டர்.

முதலில் சமையலறையில் அவளிடம் சொன்னேன். உரித்த சுளையைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு நாள் கழிச்சு அவர்கிட்டச் சொல்லலாமா அம்மா?"

"அதுக்குள்ள விழுந்து இடுப்பு உடைஞ்சா ஆறு மாசம் கட்டில்தான். நீயும் பக்கத்துலயே கிடக்கணும்."

"இப்ப மட்டும் எங்க இருக்கேன்?"

தட்டை எடுத்துக் குப்பையில் கொட்டினேன். கூடத்துக்குப் போய் அவரிடம் சொன்னேன்.

"அப்பாடா, கடைக்குப் போற வேலை மிச்சம்" என்றார் ஓவர்சியர். அவள் கத்தியைக் கழுவி வைத்தாள்.

மறுநாள் காலை நான் அவரை முக்காலியில் உட்காரவைத்து வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் ஆணியிலிருந்து பையை எடுத்தாள்.

"எங்க கிளம்பிட்ட? பழந்தான் வேண்டாம்னாச்சே!"

"தெரியும் மாமா" என்று செருப்பை மாட்டினாள்.

அவர் என்னைப் பார்த்தார். "கையைத் தூக்குங்க, சோப்பு போடணும்" என்றேன்.

சரியாக நாற்பது நிமிடத்தில் திரும்பினாள். காலிப் பையை அதே ஆணியில் மாட்டிவிட்டு, அவருக்குத் தட்டு எடுத்து வைத்தாள்.