கீழ் டிவிஷனில் எண்ணப்படாத ஆறு பேர்

தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிஷனில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சின்னமுத்து என்கிற தட்டம்மைத் தடுப்பூசி போட்டாயிற்று என்று சொல்லும் அறிக்கை பொய். அதில் என் கையெழுத்தும் இருக்கிறது.

அந்தக் கணக்கு தப்பு என்று எனக்குச் சொன்னவர் லூர்து அக்கா. செவ்வாய்க்கிழமை நான் நிவித்திகல பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது அவருடைய மகள் போன் செய்தாள். அக்காவுக்கு நெஞ்சுவலி. இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. கீழ் டிவிஷன்காரர்களே, நீங்கள் கொழுந்தெடுக்கப் போன பகல்களில் பிள்ளை மடுவத்தில் உங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். உங்களுக்கு நான் அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

ஊசி முகாம் முடிந்த பிறகு, அது எப்படி நடந்தது என்று வீடு வீடாக விசாரித்த குழுவில் நானும் இருந்தேன். காலை பத்து மணி. லயத்து வரிசை வீடுகளில் பாதிக் கதவுகள் பூட்டிக் கிடந்தன. பூட்டிய வீட்டை விட்டுவிட்டு அடுத்ததைத் தட்டச் சொன்னார் எங்கள் குழுவின் மேற்பார்வையாளர். இடுப்பில் யாருடையதோ குழந்தையோடு லூர்து அக்கா வந்து நின்றார். மேற்பார்வையாளரிடம் சிங்களத்தில் மரியாதையாக ஏதோ சொன்னார். மேற்பார்வையாளர் சிரித்துவிட்டு நடந்தார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீங்க கதவ எண்ண வந்தீங்களா தங்கச்சி, புள்ளைய எண்ண வந்தீங்களா?"

அன்று பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்ததும் அவரே என்னை ஒவ்வொரு கதவுக்கும் கூட்டிப் போனார். ஊசி போடாத பிள்ளைகள் ஆறு பேர். முகாம் நடந்தது மேல் டிவிஷனில், காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் கொழுந்தெடுக்கும் தாய்மாரை மலையை விட்டு இறங்கக் கங்காணி விடமாட்டார். லூர்து அக்கா தானே ஆறு பேரையும் மேலே கூட்டிப் போயிருக்கிறார். தாய் வர வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"பெத்தவ பக்கத்துல நின்னாதான் ஊசி எறங்குமாம்" என்றார்.

ஆறு பெயரையும் ஒரு தாளில் எழுதித் தந்தார். படிவத்தில் அதற்கு இடமில்லை என்றார் மேற்பார்வையாளர். மறுத்தால் அடுத்த வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று பயந்து, எல்லாருக்கும் போட்டாயிற்று என்ற அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.

அதன்பிறகு அக்கா அடிக்கடி போனில் பேசுவார். "அந்தப் பேரெல்லாம் மேல போச்சா தங்கச்சி?" போகும் அக்கா, போகும் அக்கா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியாகப் போன வெள்ளிக்கிழமையும் அதையே சொன்னேன். நம்பினாரா என்று தெரியாது. திட்டவில்லை.

அடக்கத்தன்று அந்த ஆறு பேரில் ஒருத்தி தாயின் இடுப்பிலிருந்தபடி குழிக்குள் பூப் போட்டாள். இன்னும் ஊசி போடவில்லை என்றாள் தாய்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்தத் தாள் ஒன்றுதான். நேற்று அதை மேற்பார்வையாளரிடம் நீட்டினேன். பின்னேரத்தில் கீழ் டிவிஷனுக்கே வந்து இவர்களுக்கு ஊசி போடுங்கள், எந்த நாள் வருவீர்கள் என்று கேட்டேன். அவர் படித்தார். மடித்து என் கையிலேயே திருப்பித் தந்தார்.

எந்த நாள் என்று மறுபடியும் கேட்டேன்.