பௌர்ணமிக்கு வந்துடலாம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் திருச்சபைக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. சந்தோஷப் பைத்தியம். சபை நடத்திவந்த பிள்ளைகள் இல்லத்தில் இருந்த ஐந்து வயதுப் பெண் குழந்தையைத் தத்தெடுக்க, பனி கொட்டும் ஒரு தேசத்திலிருந்து ஒரு விவசாயத் தம்பதி வரப்போகிறார்கள். பிள்ளை வேண்டும் என்று அவர்கள் அங்கே முழங்காலில் நின்றிருந்தார்கள். அவளுக்கு ஒரு வீடு வேண்டும் என்று நாங்கள் இங்கே வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தோம். இரண்டு ஜெபங்களும் கடலுக்கு மேலே எங்கோ சந்தித்துக்கொண்டன என்று போதகர் பிரசங்கத்தில் சொன்னபோது, பெண்கள் பக்கமிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

நான் அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர், சபையில் மூப்பர். குழந்தையைத் தயார்செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே தலையை நீட்டினேன்.

முதலில் குளிர். சித்திரை வெயிலில் மலையே கொதித்துக்கொண்டிருக்கும் ஊரில் குளிரை எங்கே தேடுவது? பெண்கள் சங்கம் கம்பளி நூல் வாங்கிவந்து ஸ்வெட்டர் பின்னியது. யாருக்கும் பின்னத் தெரியாது. ஒரு கை முழங்கையோடு நின்றது, மறு கை முழங்காலைத் தொட்டது. பின்னியவர்கள் மனம் நோகக்கூடாது என்று எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிப் பார்த்தார்கள். குழந்தை பூசணிக்காய் மாதிரி நின்றது.

"சார், குந்த முடியல," என்றாள்.

அடுத்து ஐஸ் கம்பெனி. ஐஸ் பாளத்தின் மேல் அவளை வெறுங்காலோடு நிறுத்திப் பழக்குவது என் யோசனை. முதல் நாள் கூச்சலிட்டாள். மறுநாள் குதித்தாள். அதன்பிறகு ஞாயிறு ஆராதனை நடுவிலேயே என் வேட்டியை இழுத்து, "சார், ஐஸ் மேல எப்போ நிக்கலாம்?" என்று கேட்பாள். எப்படி நடப்பது என்று காட்டப் போய் நான் ஒருநாள் வழுக்கி விழுந்தேன். ஐஸ் உடைக்கிறவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "பாப்பா ஃபாரின் போய்டும் சார். உங்களுக்குத்தான் ஒத்துக்காது."

மூன்றாவது பாடம், வெள்ளைக்காரர்களைக் கண்டு பயப்படாமல் இருப்பது. இதற்கு எங்கள் ஊரைப்போல வசதி வேறெங்கும் கிடையாது. சைக்கிள் கேரியரில் அவளை உட்காரவைத்து ஆசிரமப் பக்கம் கூட்டிப்போவேன். செங்கம் சாலை டீக்கடைகளில் அவர்களோடு உட்காரவைப்பேன். வேட்டி கட்டி, ருத்திராட்சம் போட்டு, செருப்பில்லாமல் நடக்கிற வெள்ளைக்காரர்கள். தரையில் சம்மணம் போட்டு, கையால் இட்லி தின்று, கண்ணை மூடிச் சிரிப்பார்கள். அவளைப் பார்த்துக் கும்பிடுவார்கள். அவளும் பதிலுக்குக் கும்பிடுவாள். பயம் என்பதே இல்லை. நான் பெருமையில் மிதந்தேன்.

இல்லத்தின் இரும்புக் கேட்டும் செங்கம் சாலையைப் பார்த்துத்தான் இருந்தது. பௌர்ணமிதோறும் மலை சுற்றுகிற கூட்டம் அந்த வழியாகப் போகும். நாங்கள் சுற்றுவதில்லை என்றாலும் அன்றைக்கு ஊரில் யாருக்கும் வேறு பேச்சு இருக்காது. குழந்தைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். கூட்டத்தில் வெள்ளைக்காரர்கள் வந்தால் இவள் கத்துவாள், "சார், நம்ம ஆளுங்க வந்துட்டாங்க."

தம்பதி வந்து இறங்கினார்கள். அவர் கோட்டும் டையும், அந்த அம்மா தொப்பியும் மூடிய ஷூவும். மரியாதைக்காக இருப்பதிலேயே நல்ல உடுப்பைப் போட்டுவந்திருந்தார்கள். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசிலிருந்து ஒரு அதிகாரியும் வந்திருந்தார். குழந்தை விருப்பத்தோடு போகிறதா என்று அவர் நேரில் பார்த்து எழுத வேண்டும்.

குழந்தை வார்டன் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள்.

"இன்னாடி, உன்னைக் கூட்டினு போக வந்திருக்காங்க. போய்க் கும்பிடு."

"இவங்க வெள்ளைக்காரங்க இல்ல."

"பின்ன யாரு?"

"தெரில. ஷூ போட்டிருக்காங்க. தரையில உக்காரல. வேட்டியும் காணோம்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். "குழந்தைக்கு இஷ்டம் இல்லன்னா கட்டாயப்படுத்த முடியாதுங்க. அப்படியே எழுதிட்டுப் போறேன்."

எழுதினால் எல்லாம் முடிந்தது. அந்த அம்மாவின் தொப்பி நடுங்குவதை நான் பார்த்தேன். குழந்தை சொன்னதை அவசரமாக மொழிபெயர்த்தேன். அந்த மனிதர் ஒரு கணம் விழித்தார். பிறகு குனிந்து ஷூவைக் கழற்றினார், சாக்ஸைக் கழற்றினார். போதகர் வீட்டுக்கு ஓடி ஒரு வேட்டியோடு வந்தார். அதைப் பேண்ட்டின் மேலேயே சுற்றி, தன் பெல்ட்டைப் போட்டு இறுக்கிக்கொண்டு அந்த மனிதர் தரையில் உட்கார்ந்தார். அந்த அம்மாவும் தொப்பியை எறிந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதிகாரி உட்பட எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். குழந்தை வெளியே வந்து அவருடைய கால் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தாள்.

பிறகு என்னிடம் திரும்பினாள். "இவங்களோட போனா திரும்பி வருவேனா சார்?"

அதிகாரியின் பேனா காத்திருந்தது. நான் சொன்னேன், "வராம? வெள்ளைக்காரங்கல்லாம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வரல? நீயே பாத்திருக்க இல்ல. பௌர்ணமிக்கு வந்துடலாம்."

அவள் நேராகப் போய் வேட்டி சுற்றியவர் மடியில் ஏறிக்கொண்டாள்.

குழந்தை என்ன கேட்டது என்று அந்த அம்மா என்னிடம் விசாரித்தார். உங்கள் ஊரில் ஐஸ் இருக்கிறதா என்று கேட்கிறாள் என்றேன். நிறைய, நிறைய என்று அவர் அழுதுகொண்டே சிரித்தார். நாங்கள் ஸ்தோத்திரப் பாட்டுப் பாடினோம். அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

நான் மூப்பர். பொய் சொல்லாதே என்று ஞாயிறு பள்ளியில் அவளுக்கே சொல்லிக்கொடுத்தவன். ஒரே மூச்சில் இரண்டு பொய் சொல்லிவிட்டு, அன்று கர்த்தர் காரியம் கைகூடியது என்று பிரியாணி சாப்பிட்டேன். அவளைப் பனிக்குத் தயார்செய்தேன். திரும்பி வராமல் இருப்பதற்கு அவளைத் தயார்செய்ய எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அதைச் சொல்லத் தைரியம் இருந்திருக்காது.

மார்கழியில் சபை அலுவலகத்துக்குப் போன் வந்தது. அந்த அம்மாதான். குழந்தை நன்றாக இருக்கிறாள், கொழுத்துவிட்டாள், வீடு முழுக்க அவள் சத்தம்தான் என்றார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். முழு நிலா அன்று மட்டும் அவள் ஸ்வெட்டரை எல்லாம் மாட்டிக்கொண்டு கதவருகே போய் நிற்கிறாள். ஏன் என்று புரியவில்லை. சமாதானப்படுத்துவதற்காக வீட்டுக்குப் பின்னாலிருக்கும் ஏரியை ஒருமுறை சுற்றி அழைத்துவந்தோம். அமைதியாகிவிட்டாள். இப்போது மாதாமாதம் மூன்று பேரும் சுற்றுகிறோம். இது உங்கள் ஊர் வழக்கமா?

அன்றாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"ஆமாம்," என்றேன். "எங்கள் ஊர் வழக்கம்."

"ஒரு சந்தேகம். ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். பனியில் குதிக்கிறாள், சிரிக்கிறாள், எங்களையும் கழற்றச் சொல்கிறாள். என்ன செய்வது?"

"ஷூ போட்டுக்கொள்ளலாம்," என்றேன். "தப்பில்லை என்று சார் சொன்னதாக அவளிடம் சொல்லுங்கள்."

மறுமுனையில் அவர் அதை அவளிடம் சொல்வது கேட்டது. பிறகு போனில் அந்தச் சின்னக் குரல் வந்தது.

"சார், இந்தப் பௌர்ணமியும் வழி தெரில. அடுத்த பௌர்ணமிக்கு வந்துடறேன்."