கட்டிலில் படுத்த டயர்: ஹோர்சன்ஸிலிருந்து ஸ்கேகன் வரை

போன கிழமை ஒடென்சேயிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஏழு மீட்டர் நீள மோட்டர்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறாராம். அதில் ஸ்பெயர் டயர் இல்லையாம், தனியாக ஒன்று தேடிக் கொண்டுபோக வேண்டுமா என்று கேட்கிறார். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் இதே கேள்வியால் நானும் என் கணவர் அருளும் 1986 கோடையில் ஒரு காலைப்பொழுது முழுக்க முகம் கொடுத்துப் பேசாமல் பயணம் செய்திருக்கிறோம். ஆகவே பதில் கொஞ்சம் நீளும்.

அப்போது நாங்கள் ஹோர்சன்ஸ் என்ற டேனிஷ் ஊரில் இருந்தோம். ஜூலை மாதம் அருள் வேலை செய்த ஃபாக்டரி மூன்று கிழமை விடுமுறைக்குப் பூட்டு. அங்கே அவரோடு வேலை செய்த ஸ்வென் தன்னுடைய பழைய மோட்டர்ஹோமை ஐந்து நாளைக்குக் கொண்டுபோகச் சொன்னார். எனக்கு ஏழு மாதம். வடக்குக் கோடியிலுள்ள ஸ்கேகன் முனையில் இரண்டு கடல் மோதுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான்தான். மருத்துவத்தாதி ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள்: இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் இடப்பக்கம் சரிந்து படுக்க வேண்டும். வண்டிக்குள் கட்டில் இருக்கிறது, பிறகென்ன என்று நினைத்தேன்.

ஸ்பெயர் டயர் மாட்டும் பின்பக்கச் சட்டம் துருப்பிடித்து உடைந்திருந்தது. டயரை என் கொட்டிலிலேயே விட்டுவிட்டுப் போங்கள், காற்றுப் போனால் உதவி வண்டிக்கு ஒரு போன் எடுங்கள், அதற்கு நான் சந்தா கட்டியிருக்கிறேன் என்றார் ஸ்வென். அருள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஸ்வென் அங்கால் போனதும் நாற்பத்துமூன்று கிலோ டயரை உள்ளே தூக்கி வைத்தார். நடைபாதையில் வைத்தால் கதவு திறக்கவில்லை. கட்டிலுக்குக் கீழே தண்ணீர்த் தாங்கி. கூரை பாரம் தாங்காது. கடைசியில் என்னுடைய கட்டிலில் விரிப்புப் போட்டு, டயர் ராசாமாதிரிப் படுத்தது.

"இஞ்சாருங்கோ, அப்ப நான் எங்க படுக்கிறது?"

"ரயர் இல்லாமல் நான் வண்டி எடுக்கமாட்டன், ரஞ்சி. வேணுமெண்டால் போகாமல் விடுவம்."

எனக்குக் கோபம்தான். ஆனால் ஏன் என்று தெரியும். மூன்று வருடத்துக்கு முன் மன்னாரில் அவர் வாடகை வான் ஓட்டினார். எங்கள் முதல் பிள்ளை அவசரப்பட்ட அன்று, என்னை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். பூநகரிக்கு இங்கால் டயர் வெடித்தது. ஸ்பெயர் டயரை அன்று காலையில்தான் ஒரு கூட்டாளிக்கு இரவல் கொடுத்திருந்தார். மூன்று மணித்தியாலம் ஒரு வாகனமும் வரவில்லை. பிள்ளை தங்கவில்லை. அதைப் பற்றி அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. இந்தப் பிள்ளையையாவது காப்பாற்ற அவருக்கு டயர் வேண்டும், எனக்குக் கட்டில் வேண்டும்.

காலை 9.10க்குப் புறப்பட்டோம். ஓர்ஹூஸ் தாண்டியதும் இரண்டு பக்கமும் பார்லி வயல், காற்றில் மெல்லப் புரண்டுகொண்டிருந்தது. வெயில் சுடவில்லை, தொட்டுவிட்டுப் போனது. றாண்டர்ஸுக்குப் பிறகு வண்டி ஓடுகிறதா, வயல்தான் எங்களைக் கடந்து மிதக்கிறதா என்றே தெரியவில்லை. கனவுக்குள் இருப்பதுபோல் கண் சொருகியது. ஆனால் முன் ஆசனத்தில் நிமிர்ந்துதான் இருந்தேன். கால் வீங்கியது. ஹோப்ரோவை நெருங்க, 115 கிலோமீட்டரில், வயிறு கல்லாக இறுகியது. அருள் கண்ணில் பட்ட முதல் பண்ணை வீட்டுக்குள் வண்டியைத் திருப்பினார்.

அந்த வீட்டுக்காரி இங்கர். ஐம்பது வயதிருக்கும், கையில் வைக்கோல் ஒட்டியிருந்தது. என்னைத் தன் கட்டிலில் படுக்கவைத்தாள். ஒரு மணித்தியாலத்தில் வயிறு இளகியது. அதற்குள் வண்டியை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இதில் மனைவி படுப்பதா, சக்கரம் படுப்பதா?" என்று டேனிஷில் கேட்டாள். அருள் வெளியே போனார். மொழி வகுப்பில் படித்த அரைகுறை டேனிஷில் நான்தான் பூநகரிக் கதையைச் சொன்னேன். அவள் என் வீங்கிய காலைப் பிடித்துவிட்டபடியே அதைக் கேட்டாள்.

அன்றிரவு அங்கேயே தங்கினோம். மறுநாள் காலை அவள் ஒரு கடதாசித் துண்டை அருளிடம் நீட்டினாள். "இது என் டெலிபோன் நம்பர். சக்கரம் என் கொட்டிலில் இருக்கட்டும். நீ எங்கே நின்றாலும் கூப்பிடு, நான் கொண்டுவருவேன்." உண்மையாகவா என்று அவர் மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் ஓம் என்றாள். பிறகு அவரே டயரை இறக்கி, உருட்டிக்கொண்டுபோய்க் கொட்டிலில் சாத்தினார். தங்கியதற்கு 25 குரோனர் கொடுத்தோம். அந்தக் காசுக்கும் மேலாக உருளைக்கிழங்கு கட்டித் தந்தாள்.

ஹோப்ரோவிலிருந்து ஸ்கேகன் 155 கிலோமீட்டர். பத்து மணிக்குப் புறப்பட்டோம். நான் கட்டிலில் இடப்பக்கம் சரிந்தேன். ஜன்னலில் வானம் மட்டும்தான். முகில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின, பிள்ளை உள்ளே மெல்ல அசைந்தது. ஒவ்வொரு ஊரிலும் வண்டி நின்றது. கதவு திறக்கும் சத்தம், காலடிச் சத்தம், பிறகு அமைதி, எங்கோ ஒரு குருவி. திரும்பி வருவார், வண்டி ஓடும். மூன்றாவது தரம் எழுந்து பார்த்தேன். மனிதர் வழியிலிருந்த டெலிபோன் பெட்டிக்குள் நின்று, ரிசீவரைக் காதில் வைத்து, சத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்று பத்தொன்பது பெட்டி. லிம்ஃபியோர்ட் கடல்நீருக்கு அடியால் போகும் சுரங்கப் பாதையில் பெட்டி தெரியவில்லை என்று, அதை மூச்சுப் பிடித்துத்தான் கடந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போலவும் இருந்தது.

பின்னேரம் 5.20க்கு ஸ்கேகன். துறைமுகத்துப் பெட்டியில் இருபதாவது தரம் ரிசீவரைத் தூக்கி, இந்தமுறை காசைப் போட்டார். நானும் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு நின்றேன். முதல் மணி முடிய முன்னரே இங்கரின் குரல் கேட்டது.

"எங்கே நிற்கிறீர்கள்? சக்கரம் காரில் இருக்கிறது."

"நிற்கவில்லை. வந்து சேர்ந்துவிட்டோம்," என்றார் அருள்.

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "நல்லது. அப்படியென்றால் நான் வைக்கோல் அள்ளப் போகலாம்," என்றாள். வயலில் போன் கேட்காது என்று காலையிலிருந்து குசினியிலேயே, அடுப்படிப் போனுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறாள்.

அருள் ரிசீவரை வைத்தார். வெளியே வரவில்லை.

"ரஞ்சி, அண்டைக்கும் இப்பிடி ஒரு மனிசி இருந்திருந்தால்…"

மூன்று வருடத்தில் முதல் தரம் அவர் அந்த நாளைப் பற்றிப் பேசினார். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று இரண்டு பேரும் அழுதோம். கடலை அடுத்த நாள்தான் பார்த்தோம். மகள் செப்டெம்பர் கடைசியில் சுகமாகப் பிறந்தாள்.

இனி ஒடென்சே வாசகருக்கு. வண்டிக்கு அடியிலோ பின்னாலோ டயர் மாட்ட ஒழுங்கான சட்டம் இருந்து, அந்தப் பாரத்தைத் தூக்கும் ஜாக்கியும் இருந்தால் கொண்டுபோங்கள். இல்லையென்றால் வீட்டிலேயே விடுங்கள். மனிதர் படுக்கிற இடத்தில் வைக்காதீர்கள். புறப்பட முன் காற்றையும் டயரின் வயதையும் பாருங்கள், உதவி வண்டியின் நம்பரை எழுதிவையுங்கள். போகும் வழியை ஒருவருக்காவது சொல்லிவிட்டுப் போங்கள். போய்ச் சேர்ந்ததும் மறக்காமல் அவருக்கு ஒரு போன் எடுங்கள். பாவம், அவருக்கும் வேலை கிடக்கும்.