வலைக்குள் குறைந்த வெட்டுக்கிளிகள்

ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது. ஒரு சரிவில் தேயிலையைப் பிடுங்கி மரவள்ளி நட்டோம். மற்ற சரிவுகளில் கவாத்து இல்லாமல் செடிகள் ஆள் உயரம் வளர்ந்துவிட்டன. என் கணவரைச் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டில் நான், மாமியார், நாத்தனார் என்று மூன்று பேர். நாத்தனார் என்னைவிட இரண்டு வயது இளையவள்.

எஸ்டேட்டைப் பார்த்துக்கொள்ள வந்த ஜப்பானிய அதிகாரி, சண்டைக்கு முன்பு தன் ஊரில் கல்லூரி வாத்தியாராக இருந்தவராம். பூச்சிகளைப் பற்றிப் படித்தவர். எங்களிடம் மலாயில் பேசுவார். கோபம் வந்தால் கை நீளும். பூச்சிகளை எண்ணிக் குறித்து வைக்க எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்று எஸ்டேட் கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டிருக்கிறார். எங்கள் லயத்தில் மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். கிராணி என்னைச் சொன்னார்.

“தனியா அனுப்ப மாட்டேன். இவளையும் கூட்டிக்கிட்டுப் போ” என்றார் மாமியார். அப்படித்தான் நாத்தனார் வந்தாள், எனக்குத் துணையாக. அவளுக்கு அ, ஆ கூடத் தெரியாது.

முதல் வாரமே அதிகாரி ஒரு கேள்வி கேட்டார். தேயிலைப் பக்கம் பிடித்த வெட்டுக்கிளிகள் பெரும்பாலும் பச்சை. மரவள்ளி மேட்டின் காய்ந்த புல்லில் பிடித்தவை பெரும்பாலும் பழுப்பு. ஏன்?

“ஆண்டவர் அப்படிப் படைச்சிருக்கார், துவான்” என்றேன். அவர் தலையசைக்கவில்லை.

நாத்தனார் சொன்னாள். “ரெண்டு பக்கமும் ரெண்டு நிறமும் இருந்திருக்கும். புல்லுல பச்சை இருந்தா குருவி கண்ணுக்குப் பளிச்சுனு தெரியும்லா. அதைப் பொறுக்கித் தின்னுட்டிருக்கும். மிச்சம் இருக்குறதைத்தான் நாம பிடிச்சிருக்கோம்.”

அதை நான்தான் மலாயில் மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். எப்படித் தெரியும் என்று அவளைப் பார்த்துக் கேட்டார்.

“தெரியாது. கட்டி வெச்சுப் பார்த்தாத் தெரியும்.”

அன்றிலிருந்து அவர் தன் பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார். என் கையில் நோட்டுப் புத்தகம். என்னைக் கேட்டு வந்த வேலையில் நான் எழுத்துக்காரியாகவும் துணைக்கு வந்தவள் யோசனைக்காரியாகவும் ஆனோம். அவளைப் பார்த்து அவர் “பகுஸ்” என்று பாராட்டும்போதெல்லாம் நான் பென்சில் முனை முறிகிற மாதிரி நோட்டில் அழுத்தி எழுதுவேன்.

வாழைநாரைத் தலைமுடிபோல் மெல்லியதாகக் கிழித்து, வெட்டுக்கிளிகளின் இடுப்பில் முடிந்து, மறுமுனையைச் செடியிலும் புல்லிலும் கட்டினோம். தேயிலையில் இரண்டு நிறத்திலும் சமமாக, காய்ந்த புல்லிலும் அதேபோல. எல்லாம் கட்டி முடித்த பிறகு நாத்தனார், “சாரல்லயும் குளிர்லயும் அதுவா செத்துப்போனா? குருவி மேல பழி போட்டுருவோமே அண்ணி” என்றாள். ஒவ்வொரு பக்கத்திலும் சிலவற்றின் மேல் பழைய கொசுவலையை விரித்துக் கல் வைத்தோம். குருவி வரமுடியாத இடத்திலும் செத்தால் குற்றம் குளிருடையது. எழுதப் படிக்கத் தெரிந்த எனக்கு அது தோன்றவில்லை.

தினமும் காலையில் எண்ணினோம். மூன்றாம் நாளே அவள் சொன்னபடிதான் நடக்கிறது என்று தெரிந்தது. தேயிலையில் பழுப்பும் புல்லில் பச்சையும் மளமளவென்று குறைந்தன. அன்று மத்தியானம் அதிகாரி அவளுக்கு ஒரு கொட்டாங்கச்சி நிறைய அரிசி கொடுத்தார். மூன்று பேரும்தான் கஞ்சி குடித்தோம். மாமியார், “என் மக மூளைக்குக் கிடைச்ச அரிசி” என்றார். நான் பாதிக் கஞ்சியோடு எழுந்துவிட்டேன்.

மறுநாள் விடியுமுன், மற்றவர்கள் வருவதற்குள் தேயிலைச் சரிவுக்குப் போனேன். தேயிலையில் கட்டியிருந்த பச்சை வெட்டுக்கிளிகளை முடிச்சவிழ்த்துப் புதரில் விட்டேன். ஆத்திரத்தில் வலையையும் தூக்கி, அங்கே இருந்தவற்றையும் விட்டேன். அவள் பேச்சு பொய்யாக வேண்டும், அவ்வளவுதான்.

எண்ணிக்கை முடிந்ததும் அதிகாரி நோட்டைப் பார்த்தார். தேயிலையில் பச்சையும் பழுப்பைப்போலவே குறைந்திருந்தது. “சாலா” என்று அவளிடம் சொன்னார். தப்பு என்று. எனக்கு மனசு குளிர்ந்தது.

நாத்தனார் செடிகளிடம் போய்க் குனிந்து பார்த்தாள். திரும்பி வந்து தமிழில், மெதுவாகக் கேட்டாள்.

“குருவி தின்ன இடத்துல நார் அறுந்து கிடக்கு, ஒரு கால் ஒட்டிக்கிட்டிருக்கு. இதுல முடிச்சு அவுந்திருக்கு. வலைக்குள்ளயும் குறையுது. குருவி கல்லை நகர்த்தி வலையைத் தூக்குமா அண்ணி?”

நான் நோட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டேன். அதிகாரி எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். அவள் தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், வலை சரியில்லை, இந்தக் கணக்கு செல்லாது, முதலிலிருந்து கட்டவேண்டும் என்றாள்.

இறங்கி வரும்போது, “ஏன் சொல்லலே?” என்று கேட்டேன்.

“சொன்னா உன்னை அடிப்பான். அப்புறம் யாரு எழுதுறது? எனக்கு எழுதத் தெரியாதே.”

பிறகு, “இனிமே நானும் தனியா எண்ணுவேன்” என்றாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவள் என்மேல் கோபப்படக்கூட இல்லை. அதற்காகவும் அவள்மேல் பொறாமைப்பட்டேன்.

மறுபடியும் கட்டினோம். நான் நோட்டில் எழுதினேன், அவள் மடியில் கூழாங்கற்கள் சேர்த்தாள். இரண்டும் ஒத்துப்போன நாள்களை மட்டும் அதிகாரி ஏற்றுக்கொண்டார். வலைக்குள் ஏறக்குறைய எல்லாம் உயிரோடு இருந்தன. வெளியே, இடத்தோடு ஒத்த நிறத்திலும் சில போயின. ஒவ்வாத நிறத்தில் அதைவிட அதிகம்.

“கொஞ்சந்தானே வித்தியாசம்” என்றேன்.

“தப்பிச்சது முட்டை விடும். அதுங்க குஞ்சுலயும் கொஞ்சம் அதிகமாத் தப்பிக்கும். எத்தனை வருசமா நடக்குதோ” என்றாள். பிறகு அவளே முகம் சுளித்தாள். “ஆனா பச்சைக்குப் பச்சைதான் பொறக்குமான்னு நாம பார்க்கலையே. அது தெரியாம இது பாதிதான்.”

அதைப் பார்ப்பதற்குள் சண்டை முடிந்துவிட்டது. அதிகாரியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என் கணவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். நாத்தனார், “எனக்கு எழுதக் கத்துக்கொடு” என்று கேட்டாள். செய்கிறேன் என்றேன். கணவரைக் கவனிக்கவேண்டும், தண்ணீர் எடுக்கவேண்டும், பிறகு கொழுந்து வேலை வந்துவிட்டது என்று ஒவ்வொரு காரணமாகச் சொல்லிக்கொண்டே ஒரு வருடம் ஓட்டினேன். காரணங்கள் எல்லாம் உண்மை. அவளிடம் இல்லாமல் என்னிடம் இருந்தது அது ஒன்றுதான் என்பதும் உண்மை.

அவள் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கும் கண்ணாடித் தகடு கழுவும் வேலைக்குப் போனாள். அங்கே ஒரு நர்சு ஆறு மாதத்தில் அவளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டார். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வந்தபோது என் கணவருக்குப் பைபிள் வாசித்துக் காட்டினாள். திக்கித் திக்கித்தான் வாசித்தாள். நான் அடுப்படியிலேயே இருந்துகொண்டேன்.