நெயில் பாலிஷ் பூசிய ஓவர்லாக் மெஷின்

போன வருடம், சேலத்தில் எங்கள் பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு முதன்முதலாக நற்கருணை வழங்கும், அதாவது புதுநன்மை கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு நடந்த கூத்து இது. கூத்தாடியது நான்தான்.

நான் லாரி எலக்ட்ரீஷியன். ஹாரன் அடிக்காத லாரியை அடிக்க வைப்பேன், ஓயாமல் அடிக்கும் லாரியின் வாயை மூட வைப்பேன். அதனால் உலகத்தில் இருக்கிற எல்லா மெஷினும் எனக்குச் சொந்தக்காரர்கள் என்று ஒரு நினைப்பு. என் மனைவி வீட்டிலேயே தையல் தைக்கிறாள். அதுவரை ஜாக்கெட், நைட்டி என்று போய்க்கொண்டிருந்தவளை நம்பி, புதுநன்மை வாங்கும் பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் வெள்ளைக் கவுன் தைக்கும் வேலையை அந்த வருடம் கொடுத்திருந்தார்கள். எல்லாம் சாட்டின் துணி. வெட்டின ஓரத்தை அப்படியே விட்டால் இழை இழையாகப் பிரிந்துகொண்டே போகும். ஓரத்தைச் சுற்றி நூல் பின்னி ஓவர்லாக் அடித்தால்தான் நிற்கும். கவுன் நன்றாக வந்தால் அவளுக்கு ஊரெல்லாம் பேர். பிரிந்தால், பீடத்துக்கு முன்னால் எல்லோரும் பார்க்கப் பிரியும்.

வாழப்பாடியில் இருக்கும் அவள் அக்கா, மஸ்கட்டிலிருந்து வந்தபோது கொண்டுவந்த பழைய ஓவர்லாக் மெஷினைத் தருவதாகச் சொன்னார். "பஸ்ல மடியில வெச்சுக் கொண்டாங்க" என்று மனைவி படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள். மடியில் வைத்துக் கொண்டுவர அது என்ன கைக்குழந்தையா? மொபெட்டில் கால் இடுக்கில் வைத்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். ஒரு வேகத்தடை. நான் வண்டியில்தான் இருந்தேன். மெஷின் இறங்கிவிட்டது.

ஊசி இரண்டும் வளைந்துபோயின. மூடியில் விரிசல். நூலெல்லாம் அறுந்து குடல் மாதிரி தொங்கியது. வீட்டுக்குப் போவதற்குள் சரிசெய்துவிடலாம் என்று நேராகப் பட்டறைக்கு விட்டேன். எங்கள் பட்டறையில் எந்தச் சாமான் வந்தாலும் முதலில் குளிப்பாட்டிவிட்டுத்தான் மறுவேலை. டீசலில் கழுவினால் வெள்ளைத் துணியில் கறை ஏறுமே என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு அறிவு உண்டு. அதனால் பெயிண்ட் கரைக்கிற தின்னரில் கழுவினேன். மூடியைத் திறந்து உள்ளே இருந்த மூலை முடுக்கெல்லாம் தேய்த்தேன். புது மாப்பிள்ளை மாதிரி பளபளத்தது.

வீட்டில் மனைவி மூடியைத் திறந்தாள். குனிந்தாள். இன்னும் குனிந்தாள்.

"ஏனுங்க, இங்க கலர் கலராப் பொட்டு இருந்துச்சே, எங்கீங்க?"

அந்த மெஷினில் நாலு நூல் ஓடும். ஒவ்வொன்றும் எந்தக் கொக்கியில் ஏறி எந்தப் பொந்தில் இறங்க வேண்டும் என்பதற்குத்தான் அந்த நிறப் பொட்டுகள்.

"அழுக்குன்னு நெனச்சுத் தொடச்சுட்டேன்" என்றேன்.

அக்காவுக்குப் போன் போட்டால், "நான் பொட்டப் பாத்துத்தான் சாமி கோப்பேன், பொட்டில்லாமத் தெரியாதே" என்றார். போனில் வீடியோ பார்த்தேன். ஒவ்வொரு வீடியோவிலும் ஒவ்வொரு மெஷின். மனைவி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் திட்டாத ஒரே தப்பு அதுதான். சாதாரண மெஷினில் உட்கார்ந்து கவுன்களை மூட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணீர் சாட்டினில் சொட்டிவிடக் கூடாதென்று தலையைத் திருப்பித் துடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை கடை திறந்ததும் கடைவீதியில் தையல் சாமான் விற்கும் கடைக்கு ஓடினேன். போனில் மெஷின் படத்தைக் காட்டி ஊசி கேட்டேன். கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். பக்கத்தில் நூல்கண்டு வாங்கிக்கொண்டிருந்த பர்தா போட்ட ஒரு பெண் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, அந்தப் படத்தக் கொஞ்சம் காட்டுங்க. எங்க ஊட்லயும் இதே மெஷின்தான் ஓடுது. எங்க வூட்டுக்காரரு குவைத்துல இருந்து கொண்டாந்தது."

எனக்கு அங்கேயே ஒரு சுற்று ஆடலாம் போலிருந்தது. எந்த ஊசி வாங்க வேண்டும் என்று கடைக்காரருக்கு அவரே எடுத்துக் காட்டினார். என் கதையைப் பாதி கேட்டதுமே அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தின்னர்லயா கழுவுனீங்க? நல்ல வேளை, கவுனக் கழுவல!" வீட்டுக்குப் போய்ப் படம் அனுப்புவதாகச் சொல்லி என் மனைவியின் நம்பரை வாங்கிக்கொண்டார்.

சொன்னபடி படங்கள் வந்தன. பொட்டுகள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அடுத்த நிமிடம் நான் ஃபேன்சி ஸ்டோரில் நின்றேன். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று நாலு நெயில் பாலிஷ் கேட்டேன். கடைப் பெண் என் கிரீஸ் படிந்த நகங்களையே பார்த்தாள். "யாருக்குங்ணா?" என்றாள். "மெஷினுக்கு" என்றேன். நாலு பாட்டிலையும் என் பக்கம் தள்ளிவிட்டு அவள் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

படத்தைப் பார்த்துப் பொட்டு வைத்தேன். புது ஊசி மாட்டினேன். நூல் கோர்த்தேன். மிதித்தால், பட்! நூல் அறுந்தது. மறுபடி கோர்த்தேன். பட்! உள்ளே நூலைக் கொண்டுவரும் கொக்கி மாதிரி ஒரு கம்பி உண்டு, லூப்பர் என்பார்கள். விழுந்ததில் அதன் முனையில் சிறு பிசிறு. ஆகா, பிடித்துவிட்டேன் திருடனை என்று பட்டறை உப்புத்தாளால் இதமாகத் தேய்த்து வழவழப்பாக்கினேன். மிதித்தேன். பட்!

மனைவி எழுந்து வந்து, என்னை ஒதுக்கிவிட்டு அந்தப் பெண்ணுக்கு வீடியோ கால் போட்டாள்.

"அண்ணே, நீங்க கோக்கறத அப்படியே காட்டுங்க" என்றார் அவர். காட்டினேன். "நில்லுங்க, நில்லுங்க! ஊசியில மொதல்லயே கோத்துட்டீங்களே. ஊசி கடைசியிலண்ணே. மொதல்ல லூப்பர்."

"எதுல மொதல்ல கோத்தா என்னம்மா? போய்ச் சேர வேண்டிய எடத்துக்குப் போயிருச்சில்ல?"

"இது கரண்டு ஒயரு இல்லீங்க" என்றாள் மனைவி. நேற்றிலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. எனக்கு அதுவே பாதி வெற்றி.

என் தொழிலில் எந்த ஒயரை முதலில் மாட்டினாலும் கடைசியில் லைட் எரியும். இங்கே ஊசி நூலை முதலில் கோர்த்தால், அடியில் வரும் நூல் அதில் சிக்கி அறுந்துவிடுமாம்.

அப்புறம் அந்தப் பெண் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் மெஷினில் ஏதோ துணி பாதியில் நின்றிருந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்தார். கத்தரியை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த நாலு நூலையும் சரக்கென்று அறுத்து உருவிவிட்டார். "நானும் மொதல்ல இருந்து கோக்கறேன். என்னயப் பாத்துட்டே நீங்களும் கோத்துட்டு வாங்க அக்கா."

அங்கே ஒரு நூல், இங்கே ஒரு நூல். என் தடி விரல் நுழையாத இடத்தில் என் மனைவியின் விரல் நுழைந்தது. எனக்குக் கிடைத்த உத்தியோகம் டார்ச் பிடிப்பது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பிடித்தேன். கடைசியாக ஊசி. மிதித்தாள்.

அறுபடவில்லை! ஜடை பின்னிய மாதிரி நூல் சங்கிலி சங்கிலியாக வந்தது. இந்தப் பக்கம் மனைவி கத்தினாள், போனில் அந்தப் பெண் கத்தினார், நான் இரண்டு பேரையும் விடச் சத்தமாகக் கத்தினேன். மனைவி முதல் கவுனை ஓடவிட்டாள். ஆர்வத்தில் நான் மெஷின் மேலேயே கவிழ்ந்து பார்த்ததில், என் சட்டை நுனியும் உள்ளே போய்விட்டது. இந்த மெஷினில் துணியை வெட்டிக்கொண்டே தைக்க ஒரு கத்தி உண்டு. வெட்டி, ஓரமும் அடித்துக் கொடுத்துவிட்டது.

"பரவால்லீங்க, இனி அது பிரியாது" என்றாள் மனைவி.

மறுநாள் பிள்ளைகள் வெள்ளைக் கவுனில் வரிசையாகப் போனபோது ஒரு இழைகூடப் பிரியவில்லை. கோயிலில் ஜெபம் சொல்லாமல் கவுன் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பூசை முடிந்ததும் மனைவி அந்தப் பெண்ணுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். இன்றுவரை இருவரும் தினமும் பேசிக்கொள்கிறார்கள். பேச்சில் பெரும்பகுதி என்னைப் பற்றிய கிண்டல்தான் என்று கேள்வி.

பேசட்டும். முன்பின் தெரியாத எங்களுக்காக, நன்றாக ஓடிக்கொண்டிருந்த தன் மெஷினை நிறுத்தி நாலு நூலையும் அறுத்தாரே, அந்தச் சரக்கென்ற சத்தம் என் காதிலேயே இருக்கிறது. பட்டறையில் யாராவது வந்து "அண்ணா, ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டால், இப்போதெல்லாம் "கை வேலையா இருக்கேன்" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.