கறுப்பு வெள்ளையில் ஒரு நீலச் சட்டை

லண்டனில் எங்களுக்குத் தெரிந்த எல்லா வீடுகளுக்கும் கலர் ரீவி வந்த பிறகும் எங்கள் வீட்டில் கறுப்பு வெள்ளைதான் இருந்தது. அப்பா கலர் ரீவி வாங்கப் புறப்பட்ட ஒவ்வொரு முறையும் அம்மா, "எனக்கு இது காணும்" என்று சொல்லித் தடுத்துவிட்டார். சிக்கனமான பெண் என்று சனங்கள் புகழ்ந்தார்கள். எனக்கோ வெட்கம். முந்தின நாள் பார்த்ததைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் பேசும்போது, நிறம் தெரியாத நான் வாய் திறப்பதில்லை. பிறகு அதுவே பழகிவிட்டது.

அம்மாவின் பிடிவாதம் விளங்க வேண்டுமென்றால் ஒரு நாளைச் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம். தெற்கு லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தோம். எனக்குக் கோடை விடுமுறை. ஊரில் கலவரம் என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்த வாரம் அது. அம்மாவின் தம்பி, என் மாமா, கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அப்பாவுக்குப் பெற்றோல் நிலையத்தில் இரட்டை ஷிப்ட்.

காலையில் லண்டனின் மறுகோடியில் இருந்த ரெய்னர்ஸ் லேனிலிருந்து சின்னம்மா போன் எடுத்தார். அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை. அவருடைய குரலுக்குப் போனே தேவையில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் எல்லாம் கேட்டது.

"அக்கா, ராத்திரி நியூஸிலை அகதி முகாமைக் காட்டினவங்கள். நிலத்திலை இருந்த ஆக்களுக்குள்ளை உங்கடை தம்பி மாதிரி ஒருத்தன். முகத்தை அங்காலை திருப்பிப்போட்டான். ஆனா நீலச் சட்டை, அக்கா. நீங்கள் குடுத்துவிட்ட அதே நீலம்."

ஊருக்குப் போன ஒருவரிடம் மாமாவுக்கென்று அம்மா கொடுத்துவிட்ட சட்டை அது.

"திரும்பக் காட்டுவினமோ?"

"இண்டைக்கும் போடுவாங்கள். வடிவாப் பாருங்கோ. நான் கண்டது ஒரு கணம்தான், நானும் திரும்பப் பாக்கிறன்."

அம்மா யாழ்ப்பாணத்துத் தியேட்டர்களில் படம் பார்த்து வளர்ந்தவர். பகல் காட்சியில் தவறவிட்டதை அடுத்த காட்சியில் பார்த்துக்கொள்ளலாம். அதே இடத்தில் அதே ஆள் வந்து நிற்பான். ரீவியும் அப்படித்தான் என்று நினைத்தார். அது எப்போது சுற்றி வரும் என்றுதான் தெரியவில்லை, ஆகவே எழும்பவே பயந்தார். சின்னம்மா வீட்டில் கலர் ரீவி இருக்கிறதே, அங்கே போவோமா என்று கேட்டேன்.

"ரெயினிலை போய்க்கொண்டிருக்கேக்கை காட்டிப்போட்டால்?"

முதலில் சின்னப் பிள்ளைகளுக்கான பொம்மை நிகழ்ச்சி. ஆடும் பொம்மைகளை அம்மா கண் இமைக்காமல் பார்த்தார். அது முடிந்ததும், நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் போடும் அசையாத படம் வந்தது. கோடுகளுக்கும் கட்டங்களுக்கும் நடுவே ஒரு சிறுமி, ஒரு துணிப்பொம்மை. பின்னால் ஓயாத வாத்திய இசை.

"இந்தப் பிள்ளை ஏன் அசையுதில்லை?"

"அது சும்மா படம், அம்மா. இப்ப ஒண்டும் இல்லை."

"ஒண்டும் இல்லாததுக்கு ஏன் மேளம் அடிக்கிறாங்கள்?"

மத்தியானச் செய்தியில் எங்கள் நாடு வரவில்லை. பிறகு கிரிக்கெட். ஆடியவர்கள் எல்லோரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மாவுக்கு உறைத்திருக்க வேண்டும்.

"பிள்ளை, எங்கடை ரீவியிலை நீலம் எப்பிடி இருக்கும்?"

நான் அதுவரை யோசிக்காத கேள்வி. அடுத்த சனலுக்குத் திருப்பினேன். குதிரைப் பந்தயம். குதிரை ஓட்டுபவர்கள் ஆளுக்கொரு நிறத்தில் சட்டை போட்டிருந்தார்கள். பந்தயம் தொடங்குமுன் அறிவிப்பாளர் ஒவ்வொரு குதிரையின் பெயரோடும் சட்டையின் நிறத்தையும் சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அந்தா, அந்தக் கறுப்புக் குதிரை. அவரின்ரை சட்டை நீலமாம்!"

அம்மா ரீவிக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். ஈரச் சீமெந்து மாதிரியான ஒரு சாம்பல். அதை விரலால் தொட்டார். "இதுதான் நீலம்" என்று மெல்லச் சொன்னார். அடுத்த ஓட்டத்தில் என்னை முந்திக்கொண்டு, "நீலம் வருது, நீலம் வருது" என்றார். அந்தக் குதிரைகளின் சொந்தக்காரர்கள்கூட அவ்வளவு பதைப்போடு பார்த்திருக்க மாட்டார்கள்.

பிறகு ஒரு ஓட்டத்தில் அம்மா நீலம் என்று காட்டியதை அறிவிப்பாளர் பச்சை என்றார். உற்றுப் பார்த்தேன். அதே ஈரச் சீமெந்துதான்.

"அம்மா, பச்சையும் இப்பிடித்தான் இருக்கு."

"அவனுக்குத் தெரியாது."

"அவருக்கு முன்னாலைதானே ஓடுது?"

"வாயை மூடு."

அம்மா என்னிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

மாலைச் செய்தி தொடங்கியபோது வெளியே இன்னும் நல்ல வெயில். அம்மா திரைச்சீலையை இழுத்து மூடினார். இலங்கையின் வரைபடம் வந்தது. எரிந்த கடைகள். பிறகு ஒரு மண்டபம், நிலமெல்லாம் சனம். தூணோரம் ஒருவர் முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு குந்தியிருந்தார். ஈரச் சீமெந்து நிறத்தில் சட்டை. ஒரு மூச்சு இழுக்கும் நேரம்தான். அதற்குள் யாரோ ஒரு மந்திரி இன்னொரு மந்திரிக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நீலம்" என்றார் அம்மா. என்னிடம் கேட்கவில்லை.

போன் அடித்தது. எடுக்க ஓடினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார், நோகும்படியாக.

"சின்னம்மாவாத்தான் இருக்கும், அம்மா. அவ கலரிலை பாத்திருப்பா. பச்சையோ நீலமோ எண்டு கேப்பம்."

"எடுக்காதை."

மாமாவைப் பற்றி அன்றும் தகவல் இல்லை, அதன் பிறகும் இல்லை. ஆனால் அந்த மாலை எனக்கு அது தெரியாது. அன்று முழுக்க எந்தக் கேள்விக்கு விடை தேடினோமோ, அந்த விடை போனில் வந்து அடித்துக்கொண்டிருக்கிறது, அம்மா ஏன் எடுக்கவிடுகிறார் இல்லை என்றுதான் எனக்கு அழுகை வந்தது. போன் ஓய்ந்தது. மறுபடி அடித்தது. நாளைக்கும் வெயில் என்று ரீவியில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வரைபடத்தில் இருந்த கடலும் நிலமும் எனக்கு ஒன்றுபோலவே தெரிந்தன. அம்மா என் கையை விடவில்லை.