காலியாக ஒலித்த கல்

எந்தச் சுவரில் சாய்வதானாலும் முதலில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டிப் பார்ப்பாள். இருபது வருடமாக டைல்ஸ் ஒட்டுகிறவள். அடியில் கலவை சேராத டைல்ஸ் காலிப் பெட்டி போல ஒலிக்கும். டாக்டரைப் பார்க்கப் போனாலும் காத்திருக்கும் இடத்தில் தட்டுவாள். "சுவத்தைத் தட்டினா யாருடி வந்து திறப்பா?" என்று அண்ணி கேலி செய்வாள்.

விடுமுறை நாட்களில் அண்ணன், அண்ணி, அவள் மூவரும் ஊருக்கு வெளியே இருக்கும் சுண்ணாம்புக்கல் மலையில் ஏறுவார்கள். செங்குத்தான பாறை. கயிற்றோடு முதலில் ஏறுகிறவன் எப்போதும் பஸ் ஓட்டும் அண்ணன்தான். ஒன்பது வருடம் கீழே நின்று கயிறு பிடித்தவள் ஒரு நாள் வாயைத் திறந்தாள்.

"இன்னைக்கு நான் முன்னாடி போறேன்."

அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "போ. ஆனா நான் போற வழியிலதான் போகணும். வழி மாறினா, இனிமே முன்னாடி போற பேச்சையே எடுக்கக் கூடாது."

பாதி உயரத்தில் ஒரு கல் பலகை போலத் துருத்திக்கொண்டிருந்தது. அண்ணன் அதில் நின்றுதான் மேலே அறைந்திருக்கும் இரும்பு வளையத்தில் கயிற்றை மாட்டுவான். அவள் தட்டினாள். காலி. மறுபடி தட்டினாள். சந்தேகமே இல்லை.

"என்னடி தட்டிக்கிட்டு? ஏறி நில்லு," என்று கீழிருந்து கத்தினான் அண்ணன். "ஒன்பது வருஷமா நான் நிக்கலயா?"

"இது ஒட்டியே இல்லண்ணா. நான் நிக்க மாட்டேன்."

"அப்ப இறங்கு."

"அதுவும் மாட்டேன்."

இடப்பக்கம் வழவழவென்ற பாறை. விரல் நுனி நுழையும் குழிகள் மட்டும். அங்கே காலை வைத்தவள் சறுக்கி விழுந்தாள். கீழே கயிற்றை மாட்டியிருந்த வளையம் தாங்கியது. முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் வழிந்தது.

"போதுமா?" என்றான்.

அவள் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு அதே குழிகளில் மறுபடி விரலை விட்டாள். இந்த முறை உச்சி வரை போனாள்.

அடுத்து அண்ணி, அந்தக் கல்லைத் தொடாமல், இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே இடப்பக்கமாக ஏறி வந்தாள். கடைசியாக அண்ணன். வேண்டுமென்றே கல்லின் மேல் நின்று ஒரு குதி குதித்தான். கல் அசையவில்லை.

"பாத்தியா?" என்றான் மேலே வந்ததும். "பேசினபடி, இனி நீ பின்னாடிதான்."

"இன்னைக்கு நின்னுச்சு. எனக்கு அது போதாது," என்றாள்.

"எனக்கும்தான்," என்றாள் அண்ணி. "இனிமே நான் உங்க தங்கச்சி பின்னாடிதான் வருவேன். நீங்க குதிச்சுக்கிட்டே வாங்க."

இப்போது அந்த வீட்டில் இரண்டு கயிறுகள் இருக்கின்றன. அண்ணன் டிப்போ நண்பரோடு பழைய வழியில் ஏறுகிறான். இடப்பக்கமாக அவளும் அண்ணியும் ஏறுகிறார்கள். முன்னால் போகிறவள் அவள்தான்.